வீட்டுக்காரர் குடிக்கு இங்க எங்க போறதுன்னு கேட்ட தங்கச்சிக்கு

ஆத்தா, நீ கோட்டையூர்னு சொன்னதும் தேவகோட்டைக்காரி எனக்கு மனசு கேக்கல, அதான் ராத்திரியே எழுதுறேன். அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் வந்து எட்டு மாசம், வீட்டுக்காரர் தினமும் குடிக்கிறார், ட்ரீட்மென்ட் போனா ஆபீசுக்குத் தெரிஞ்சிருமா, எந்த இடத்த நம்பிப் போறதுன்னு கேட்டிருக்க.

முதல்ல, கோவத்துல பாட்டிலை எல்லாம் சிங்க்ல கொட்டிராத. தினமும் நிறைய குடிச்சுப் பழகின உடம்பு திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், டாக்டர் மேற்பார்வையிலதான் நிறுத்தணும். வலிப்போ பிதற்றலோ பாத்தா உடனே இங்கத்த அவசர நம்பர் 911-க்கு அடி.

ஆபீஸ் விஷயம் கேளு. போதை சிகிச்சை ரெக்கார்டுக்குன்னே இங்க தனியா ஃபெடரல் ரூல், அதாவது மத்திய அரசு விதி இருக்கு, 42 சிஎஃப்ஆர் பார்ட் 2. அதுக்குக் கட்டுப்பட்ட இடம் அவர் கையெழுத்து இல்லாம மேனேஜர்கிட்ட வாய் திறக்கக்கூடாது, அவர் அங்க வர்றாரான்னு கேட்டாக்கூட சொல்லக்கூடாது. மருத்துவ அவசரம், குழந்தைக்குக் கொடுமைங்கிற மாதிரி சில விலக்கு உண்டு. போன் பண்ணும்போதே பார்ட் 2 உங்களுக்குப் பொருந்துமான்னு கேட்டுரு. ஆனா குடிச்சிட்டு வண்டி ஓட்டி போலீஸ்ல மாட்டினா விசாவையே ரத்து பண்ண முடியும், அதனால கார் சாவிய நீ வச்சுக்க. க்ரீன் கார்டு சந்தேகத்துக்கு வக்கீலத்தான் பாக்கணும்.

இடம் தேடுறப்ப ஒஹாயோ மாநில சர்டிஃபிகேஷன் இருக்கான்னு பாரு. அங்க சிகிச்சைக்கு வர்றவங்க உரிமையப் பாத்துக்க க்ளையன்ட் ரைட்ஸ் ஆபீசர்னு ஒருத்தர் இருக்கணும், புகாருன்னா அவர்கிட்டதான், பேரை முதல் நாளே எழுதி வாங்கிக்க. இப்படிக் கேக்க நான் கூச்சப்படுறதே இல்ல. 2001 ஆகஸ்ட்ல ராமநாதபுரம் ஏர்வாடில ஒரு மனநோய்க் காப்பகம் தீப்பிடிச்சு, சங்கிலியில கட்டிப் போட்டிருந்த மனநோயாளிங்க 28 பேர் செத்தப்ப நான் ஊர்லதான் இருந்தேன், யாரும் போய்ப் பாக்காத, யாரும் கேள்வி கேக்காத இடம் எப்படி ஆகும்னு நம்ம பக்கத்து ஆளுக்குச் சொல்லித் தர வேண்டாம்.

இன்னொண்ணு. எங்க மாமியார் இங்க வந்து மனசு ஒடைஞ்சு கெடந்தப்ப ஒரு கிளினிக்ல என் பதினோரு வயசுப் பையனை நிக்க வச்சு, சாகணும்னு தோணுதான்னு பாட்டிகிட்ட கேளுன்னாங்க. புள்ள "அப்பத்தா"ன்னு கூப்பிட்டதோட அழுதுட்டான். ஃபெடரல் பணம் வாங்குற இடம் இலவசமா மொழிபெயர்ப்பாளர் தரணும், அவசரம் தவிர சின்னப் புள்ளைய வச்சுப் பேசக்கூடாதுன்னு எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சது. உனக்கும் பாரம் இறக்க தமிழ்தான் வரும்னா தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேணும்னு அடிச்சுக் கேளு, போன்லயே ஏற்பாடு பண்ணுவாங்க.

செலவுக்குப் பயப்படாத. பேரிட்டின்னா சமமா நடத்துறது; 2008 பேரிட்டி சட்டப்படி, இன்சூரன்ஸ்ல மனநோய், போதை சிகிச்சைக்குக் கவரேஜ் இருந்தா மத்த வியாதிக்கு இல்லாத கெடுபிடிய இதுக்கு மட்டும் போட முடியாது, கார்டு பின்னாடி உள்ள நம்பர்ல கேளு. ராத்திரி மனசு தாங்காமப் போனா மனக்கஷ்டத்துக்கான உதவி நம்பர் 988-க்கு அடி, குடி விஷயத்துக்கும் பேசுவாங்க, குடும்பத்து ஆளுங்களும் கூப்பிடலாம். ஊர்ல அம்மாவுக்குத் தூக்கம் வரலைன்னியே, அவங்களுக்கு இந்திய அரசோட மனநல உதவி போன் டெலி மானஸ், 14416, தமிழ்ல பேசுவாங்க.

அவர் கை ஓங்கினா விடியுற வரைக்கும் பொறுக்காத, 911 அடிச்சிட்டு எனக்கும் போன் போடு. அப்பாயின்ட்மென்ட் கிடைச்சா சொல்லு, முதல் நாள் கூட வர்றேன்.