மலை ரயிலா, பஸ்ஸா?

கேள்வி: ஊட்டி மலை ரயிலில் போக அம்மாவுக்கு ஆசை. மேட்டுப்பாளையத்திலிருந்து டிக்கெட் கிடைக்கவில்லை. பஸ்ஸில் போய்விடலாமா? அந்த ரயில் ஏன் அப்படி ஊர்ந்து போகிறது? – வாசகி, மதுரை

பதில்: பாதியாவது ரயிலில் போகலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பஸ்ஸில் ஏறுங்கள். குன்னூர்–ஊட்டி இடையே நாளுக்குச் சில ரயில்கள் ஓடுகின்றன, டிக்கெட்டும் சற்று எளிது. அம்மாவுக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றுமென்றால் பஸ்ஸில் முன் இருக்கை பிடியுங்கள், காலையில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம்.

ஆனால் ஒன்று: உண்மையான வேடிக்கை, மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறு முதல் குன்னூர் வரையிலான பகுதியில்தான். அங்கே ஏற்றம் 12 அடிக்கு ஓர் அடி. வெறும் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பல் பட்டைகள். ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்துக்கு நேராக வரும்படி மாற்றிப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பற்சக்கரம் எப்போதும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்வியபடியே இருக்கும். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். பெட்டி கழன்றாலும் கீழே உருண்டுவிடக் கூடாதே! ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் கொடியோடு நிற்பவர் பிரேக்காளர். நடுவழியில் தண்ணீர் பிடிக்கவும் நிற்பார்கள். மேட்டுப்பாளையம்–ஊட்டி 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆவது இதனால்தான்.

வடகிழக்குப் பருவமழையில் மண்சரிந்து ரயில் ரத்தாவது சகஜம். முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரை மறக்காதீர்கள்.