விளையாட்டுக் கணக்கு: சம்பள வரம்புக்குள் ஓர் அணி

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். பற்றிச் சென்ற இதழில் எழுதியதைப் படித்த வாசகர்கள், அதில் வந்த ‘சேலரி கேப்’ (ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்கு ஒரு வருடத்தில் செலவிடக்கூடிய உச்ச வரம்பு) என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். எனக்கு இதில் மகிழ்ச்சியே. சோழிங்கநல்லூரில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கணக்கு வழக்குகளை இரவுப் பணியில் பார்த்து வந்த காலத்தில் அந்த ஆட்டத்தின் விதிகள் எனக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஒப்பந்தக் கணக்கு புரிந்தது. அதன் வழியாகத்தான் ஆட்டத்துக்குள்ளேயே வந்தேன்.

கே: 2025 ஐ.பி.எல். சீசனுக்கான ஏலத்தில் அணிக்கு 120 கோடி என்று ‘பர்ஸ்’ வைத்தார்களே, இதுவும் அதுதானா? – ஒரு வாசகர், வேளச்சேரி

ப: நோக்கம் ஒன்றுதான், நடைமுறை வேறு. 2025 சீசனுக்கு முன் நம் சி.எஸ்.கே. என்ன செய்தது? ருதுராஜ், ஜடேஜா, பத்திரனா, துபே, தோனி ஐவரையும் தக்கவைத்ததில் 65 கோடி போய்விட்டது. மீதி 55 கோடியோடு ஏலத்தில் உட்கார்ந்தார்கள். அஸ்வினை 9.75 கோடிக்கு எடுத்ததும் பர்ஸில் அதே 9.75 கோடி குறைந்தது. ஒளிவு மறைவு இல்லாத கழித்தல் கணக்கு.

என்.எஃப்.எல்.லில் ஏலமே கிடையாது. கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை ஏப்ரலில் நடக்கும் டிராஃப்டில் ஏழு சுற்றுகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். முந்தைய சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. ஒப்பந்தம் முடிந்த மற்றவர்கள் பிடித்த அணியோடு பேரம் பேசிச் சேரலாம். சீசன் தொடங்கும்போது ஓர் அணியில் 53 பேர். அத்தனை பேருடைய செலவும் வரம்புக்குள் அடங்க வேண்டும். 1994-ல் இந்த முறை வந்தபோது வரம்பு 3.46 கோடி டாலர், 2025-ல் 27.92 கோடி டாலர். லீகின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய 48 சதவீதம் ஆட்டக்காரர்களுக்கு என்று அவர்களுடைய சங்கத்தோடு ஒப்பந்தம் இருப்பதால், வருமானம் ஏறினால் வரம்பும் ஏறும்.

இதற்கு அடித்தளமாக இன்னொன்று இருக்கிறது. தேசிய டிவி ஒப்பந்தங்களில் வரும் பணத்தை 32 அணிகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. கிரீன் பே என்ற ஊரின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். நம் ஆவடியில் அதைப்போல மூன்று மடங்கு ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஊர் அணி நியூயார்க் அணிகளோடு சரிசமமாக நின்று, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலும் வென்றிருக்கிறது. இந்தப் பங்கீடு இல்லாமல் வரம்பை மட்டும் வைத்திருந்தால் சின்ன ஊர் அணிகளால் அந்த வரம்பைத் தொடக்கூட முடிந்திருக்காது.

கே: அணிக்கே 28 கோடி டாலர்தான் என்கிறீர்கள். ஒருவருக்கே 25 கோடி, 45 கோடிக்கு ஒப்பந்தம் என்று செய்தி வருகிறதே. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், எனக்குக் கணக்கு உதைக்கிறது. – ஒரு வாசகி, மயிலாப்பூர்

ப: உங்களுக்குத்தான் இது சட்டென்று பிடிபடும். பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு ஐந்து வருட ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்துப் போடுவதற்காகத் தரும் ‘சைனிங் போனஸ்’ 5 கோடி டாலர். முதல் வருடச் சம்பளம் வெறும் 20 லட்சம். போனஸ் பணம் அவர் கைக்குப் போய்விடும். ஆனால் வரம்புக் கணக்கில் அதை ஐந்து வருடங்களுக்குப் பிரித்து, வருடத்துக்கு ஒரு கோடி என்று எழுத விதி இடம் தருகிறது. ஆக, அவருக்குப் போனது 5.2 கோடி. அந்த வருட வரம்பில் விழுவது 1.2 கோடி மட்டும்.

இரண்டாம் வருடம் அவருக்குச் சம்பளம் 2.2 கோடி. போனஸ் பங்கு ஒரு கோடியையும் சேர்த்தால் 3.2 கோடி. அணிக்கு இடம் போதவில்லை. உடனே ஆட்டக்காரரை அழைத்து, சம்பளத்தில் 2 கோடியை போனஸாக மாற்றிக்கொள்ளலாமா என்பார்கள். அவர் ஏன் மறுக்கப் போகிறார்? சீசன் முழுக்க வாரா வாரம் வர வேண்டிய பணம் முன்கூட்டியே வருகிறது. அந்த 2 கோடியை மீதமுள்ள நான்கு வருடங்களுக்குப் பிரித்தால் வருடத்துக்கு 50 லட்சம். இந்த வருடக் கணக்கு: சம்பளம் 20 லட்சம், பழைய போனஸ் ஒரு கோடி, புதிய போனஸ் 50 லட்சம், மொத்தம் 1.7 கோடி. ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டதில் 1.5 கோடி டாலருக்கு இடம் கிடைத்துவிட்டது. இதைத்தான் ‘ரீஸ்ட்ரக்சர்’ என்கிறார்கள்.

சரி, மூன்றாவது வருடம் அவர் காயத்தில் சுருண்டு, சீசன் முடிந்ததும் அணி அவரை விடுவித்தால்? இன்னும் எழுதப்படாத பழைய போனஸ் 2 கோடி, புதியதில் ஒரு கோடி, ஆக 3 கோடியும் ஒட்டுமொத்தமாக அடுத்த சீசன் வரம்பில் வந்து விழும். ஆள் இல்லை, செலவு இருக்கிறது. இதற்குப் பெயர் ‘டெட் மணி’. ஜூன் 1-க்குப் பிறகு விடுவித்ததாகக் கணக்கு வைத்தால் நான்காம் வருடப் பங்கு அந்த சீசனிலும், மீதி அதற்கடுத்த சீசனிலும் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் சலுகை.

இன்னும் ஒரு படி மேலே போய், ஆடப்போவதே இல்லை என்று தெரிந்த வருடங்களையும் ஒப்பந்தத்தின் வாலில் சேர்ப்பார்கள். போனஸைப் பிரித்து எழுத மட்டுமே அந்த ‘வாய்டு இயர்ஸ்’. இதில் கைதேர்ந்தவர் பிலடெல்பியா ஈகிள்ஸின் மேலாளர் ஹோவி ரோஸ்மன். 2025 பிப்ரவரியில் அவருடைய அணி சூப்பர் பவுலை வென்றது.

நாளைக்கு வரம்பு ஏறும், அப்போது இந்தச் செலவு சின்னதாகத் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் எல்லாமே ஓடுகிறது. பெரும்பாலும் அது பலிக்கிறது. கொரோனாவால் 2021-ல் வரம்பு 19.82 கோடியிலிருந்து 18.25 கோடியாக இறங்கியபோது, தள்ளிப்போட்ட அணிகள் நல்ல ஆட்டக்காரர்களை வெளியே விட வேண்டியதாயிற்று. டென்வர் அணிக்கு அடி வேறு விதமாக விழுந்தது. நட்சத்திர ஆட்டக்காரர் ரஸல் வில்சனை 2024-ல் விடுவித்ததில் இரண்டு சீசன்களுக்கும் சேர்த்து 8.5 கோடி டாலர் டெட் மணி. அப்படியும் அந்த அணி அதே வருடம் பிளே ஆஃப் போனது. எப்படி என்பது அடுத்த கேள்வியில் வருகிறது.

கே: எல்லா அணிக்கும் ஒரே வரம்பு என்றால், ஓர் அணி மட்டும் எப்படி மேலே வருகிறது? – ஒரு கல்லூரி மாணவர், பெரம்பூர்

ப: இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன், தம்பி. 2011-லிருந்து டிராஃப்டில் வருபவர்களுக்குச் சம்பளம் கிட்டத்தட்ட முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டது. எந்த இடத்தில் எடுக்கப்பட்டாரோ அதற்கேற்ற தொகை, நான்கு வருடம். மூன்று சீசன் முடியும்வரை அதைத் திருத்தவே கூடாது. முதல் வருடமே அவர் நட்சத்திரமாகிவிட்டாலும் சரி.

2022 டிராஃப்டில் ஆகக் கடைசியாக, 262-வது ஆளாக எடுக்கப்பட்டவர் ப்ராக் பர்டி. ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக். 2023 சீசனில் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸை சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். அந்த வருடம் அவரால் அணியின் வரம்பில் விழுந்தது ஒன்பது லட்சம் டாலருக்கும் குறைவு. அவருடைய இடத்தில் ஆடும் முன்னணி ஆட்டக்காரர்கள் அப்போது வருடத்துக்கு ஐந்து கோடி டாலர் அளவுக்கு வாங்கினார்கள். மிச்சமான அந்த நான்கு கோடிச் சொச்சத்தில்தான் சுற்றிலும் நட்சத்திரங்களை நிறுத்தினார்கள். அந்த இறுதி ஆட்டம் இங்கே திங்கட்கிழமை விடிகாலை 5 மணிக்குத் தொடங்கியது. கூடுதல் நேரம் வரை இழுத்து, 25-22 என்று கான்சாஸ் சிட்டியிடம் தோற்றார்கள். 2025 மே மாதம் பர்டிக்கு ஐந்து வருடத்துக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தம் வந்தது. அது வரப்போவது தெரிந்து, அதற்கு முன்பே மார்ச்சில் டீபோ சாமுவேல் உட்படப் பல முக்கிய ஆட்டக்காரர்கள் வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். டென்வர் தப்பித்ததும் இப்படித்தான். வில்சன் ஆடிய குவார்ட்டர்பேக் இடத்தில், டிராஃப்டில் எடுத்த போ நிக்ஸ் என்ற புதுமுகத்தை நிறுத்தினார்கள்.

மலிவான குவார்ட்டர்பேக் இல்லாதவர்கள் என்ன செய்வது? கான்சாஸ் சிட்டியைப் பாருங்கள். தங்கள் குவார்ட்டர்பேக் மஹோம்ஸுக்கு 2020-ல் பத்து வருடத்துக்கு 45 கோடி டாலர் எழுதிக் கொடுத்தவர்கள், 2022-ல் தங்களுடைய மிகச் சிறந்த ரிசீவர் (எறியும் பந்தைப் பிடித்து ஓடுபவர்) டைரீக் ஹில்லை மயாமிக்கு விட்டுக் கொடுத்து, ஐந்து டிராஃப்ட் வாய்ப்புகளை வாங்கினார்கள். ஊரே திட்டியது. அந்த வருடம் எடுத்த புதுமுகங்களில் டிரென்ட் மெக்டஃபி முதல் சுற்று, ஐசாயா பச்சேகோ ஏழாம் சுற்று. அந்த சீசனிலும் அடுத்த சீசனிலும் கோப்பை அவர்களுக்கே. அணி அமைப்பில் நான் மிகவும் மதிக்கும் முடிவு இதுதான். நேசிக்கிற ஆட்டக்காரரை, அவர் உச்சத்தில் இருக்கும்போதே அனுப்பிவைக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

கே: வரம்பில் மிச்சம் வைத்தால் முதலாளிக்கு லாபமா? – ஒரு வாசகர், அண்ணா நகர்

ப: மிச்சத்தை அடுத்த வருட வரம்போடு சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கஞ்சத்தனத்துக்கு வழியில்லை. சில வருடங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது வரம்பில் 90 சதவீதத்தையாவது ரொக்கமாகச் செலவு செய்திருக்க வேண்டும்.

கே: வியாசர்பாடியில் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுக்கிறேன். இந்த ஏற்பாடு ஆட்டக்காரனுக்கு நல்லதா, கெட்டதா சார்? – ஒரு பயிற்சியாளர்

ப: நட்சத்திரங்களுக்குக் குறையில்லை. புதுமுகத்துக்கு வாய்ப்பாவது உண்டு. நடுவில் இருப்பவனைத்தான் இது நசுக்குகிறது.

எட்டு வருடம் ஆடியவர், முப்பதை நெருங்குகிறவர், நட்சத்திரம் இல்லை, ஆனால் நம்பி இறக்கலாம் என்ற ரகம். அவர் கேட்பது 50 லட்சம் டாலர் என்றால், அவர் வேலையில் முக்கால்வாசியை 9 லட்சத்துக்குச் செய்ய ஒரு புதுப் பையன் இருக்கிறான். மிச்சமாகும் தொகை குவார்ட்டர்பேக்கின் ஒப்பந்தத்துக்குப் போகும். குறைந்தபட்சச் சம்பளமும் அனுபவத்தோடு ஏறுவதால் அனுபவமே அவருக்கு எதிரியாகிறது. இதைச் சரிக்கட்ட ஒரு விதி உண்டு. நான்கு சீசனாவது ஆடியவர் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வந்தால், வரம்பில் இரண்டு வருட ஆட்டக்காரரின் தொகையை மட்டும் எழுதினால் போதும். அதாவது, அவர் கடைசித் தொகைக்கு இறங்கி வந்தால்தான் அந்த உதவியும் கிடைக்கும்.

ஆகஸ்ட் கடைசியில் பயிற்சி முகாமில் இருக்கும் 90 பேரை 53 ஆகக் குறைக்கும் நாள் வரும். 32 அணிகள், அணிக்கு 37 பேர் என்றால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே. அணிக்கு 16 பேர் பயிற்சிக் குழுவில் மறுபடி சேரலாம். மற்றவர்கள் வீட்டுக்கு. பெரும்பாலான ஒப்பந்தங்களில் போனஸும் உத்தரவாதம் என்று எழுதிய பகுதியும்தான் நிச்சயம். செய்தியில் வரும் பெரிய தொகையில் மீதி, அணி வைத்துக்கொண்டால்தான் உண்டு. கூடைப்பந்தில் என்.பி.ஏ. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் முழு உத்தரவாதத்தோடு வருகின்றன. தலையும் முட்டியும் நொறுங்கும் ஆட்டத்தில் அது இல்லை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. வரம்பு இருக்கட்டும், அது அணிகளுக்கு நியாயம். எழுதிய சம்பளத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் கூடவே வர வேண்டும்.

நம் இந்தியக் கால்பந்து லீகான ஐ.எஸ்.எல்.லிலும் சம்பள வரம்பு இருந்திருக்கிறது. உங்கள் பையன்களில் யாராவது அந்த மட்டத்துக்குப் போனால், மொத்தத் தொகையைப் பார்க்க விடாதீர்கள். விடுவித்தால் என்ன கிடைக்கும் என்ற பத்தியை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.

கே: மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டுப் போனதும் இதனால்தானா? – ஒரு வாசகி, அடையாறு

ப: பெயர் ஒன்றுபோல இருந்தாலும் விஷயம் வேறு. ஸ்பெயினின் லா லிகாவில் வரம்பு கிளப்புக்குக் கிளப் மாறும். அவரவர் வருமானம், கடனைப் பொறுத்தது. கிளப் திவாலாகாமல் இருக்கத்தான் அது, போட்டியைச் சமமாக்க அல்ல. 2021 ஆகஸ்டில் பார்சிலோனாவின் நிதிநிலை மோசமாக இருந்ததால், சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள மெஸ்ஸி சம்மதித்தும் பதிவு செய்ய இடமில்லை. அவர் பாரிஸுக்குப் போனார். அங்கே அப்போது அப்படி ஒரு தடை குறுக்கே வரவில்லை.

கே: இதையெல்லாம் தொடர்ந்து கவனிக்க எப்போது ஆரம்பிக்கலாம்? – அதே பெரம்பூர் மாணவர்

ப: மார்ச் நடுவில். அப்போதுதான் அவர்களுடைய ஒப்பந்த வருடம் தொடங்கும், ரீஸ்ட்ரக்சர் செய்திகளும் வரிசை கட்டும். ஒரே ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குவார்ட்டர்பேக் ஒப்பந்தத்தில் எத்தனையாவது வருடம் என்று பாருங்கள், பிறகு டெட் மணி எவ்வளவு என்று பாருங்கள். ஏப்ரல் டிராஃப்டில் அவர்கள் எந்த இடத்துக்கு ஆள் எடுப்பார்கள் என்பதை அதற்குள் நீங்களே ஓரளவு சொல்லிவிடுவீர்கள். சொன்னது பலித்ததா என்று மே மாதம் எனக்கு எழுதுங்கள்.