நாற்காலி போடுவதும் தலைவர் வேலைதான்: எஃப்.எஃப்.ஏ. பற்றிச் சில கேள்விகள்

கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளியில் படித்த நான்கு ஆண்டுகளும் எஃப்.எஃப்.ஏ. என்ற வேளாண் மாணவர் அமைப்பில் இருந்தேன். முதலில் வாயிற்காவலர், அடுத்துச் செயலாளர், கடைசி ஆண்டு எங்கள் பள்ளிக் கிளையின் தலைவர். அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி (ஒரு தாய்): எங்கள் வீட்டில் யாருக்கும் விவசாயம் தெரியாது. சைவக் குடும்பம் வேறு. மகள் சேர்ந்தால் ஆடு வளர்த்து ஏலத்தில் விற்க வேண்டுமாமே?

பதில்: அப்படி ஒரு விதியே இல்லை, அம்மா. வகுப்புக்கு வெளியே வேளாண்மை சார்ந்த ஒரு வேலையைத் தானே எடுத்துச் செய்து, வரவு செலவு எழுத வேண்டும். காய்கறித் தோட்டம், நாற்றங்கால், மண் ஆய்வு, தீவனக் கடையில் பகுதிநேர வேலை எல்லாம் கணக்கில் வரும். நான் வெண்டையும் கத்தரியும் போட்டேன். கறிவேப்பிலைக் கன்று விற்றால் நம்மவர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று கணக்குப் போட்டேன், ஆசிரியர் தடுத்துவிட்டார். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் ஆசிய சில்லிடு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். அதனால் கலிபோர்னியாவில் அந்தப் பூச்சிக்காகத் தடை விதித்த பகுதிகளிலிருந்து அந்தக் கன்றுகளை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. என் முதல் வேளாண் பாடம் அதுதான்.

மகள் ஆடுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், சந்தை ஆடு இறைச்சிக்குத்தான் போகும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஏல நாளன்று சொன்னால் தாங்க மாட்டாள்.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவி): அக்கா, நான் எந்தப் பதவிக்கு நிற்கலாம்?

பதில்: தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், செய்தியாளர், வாயிற்காவலர் என்று பதவிகள் ஆறு. கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடமும் ஒரு சின்னமும் உண்டு. தலைவருக்கு உதயசூரியன், துணைத் தலைவருக்குக் கலப்பை, செயலாளருக்கு மக்காச்சோளக் கதிர். எல்லாரும் உதயசூரியனையே பார்க்கிறார்கள். நீ கதவைப் பார். வாயிற்காவலரின் இடம் கதவருகே: வருபவர்களை வரவேற்பது, அறையை ஒழுங்கு செய்வது, நாற்காலி போடுவது. சில்லறை வேலை என்று நினைத்துத்தான் நானும் போனேன். ஆனால் யார் தயங்கித் தயங்கி வருகிறார்கள், யார் பாதியில் நழுவுகிறார்கள் என்பது அங்கு நிற்பவருக்கு மட்டுமே தெரியும். பிற்பாடு தலைவரானபோது எனக்குக் கைகொடுத்தது அந்த ஓராண்டுதான்.

கேள்வி: கூட்டம் நடத்துவது அவ்வளவு கடினமா?

பதில்: தலைவர் மேசையில் சிறு மரச் சுத்தியலை ஒரு முறை தட்டினால் உட்கார வேண்டும், இரு முறை தட்டினால் கூட்டம் தொடக்கம், மூன்று முறை தட்டினால் எழுந்து நிற்க வேண்டும். இதை ஒரு நாளில் கற்றுவிடலாம். தீர்மானங்கள்தாம் ஆளைக் கவிழ்க்கும். நான் தலைமை வகித்த முதல் கூட்டத்தில், ஆண்டு விருந்துக்குப் பணம் ஒதுக்க ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார். தொகையைக் குறைக்கச் சொல்லி இன்னொருவர் திருத்தம் கொண்டுவந்தார். நான் திருத்தத்தை மறந்து மூலத் தீர்மானத்துக்கு வாக்கெடுத்துவிட்டேன். எந்தத் தொகை நிறைவேறியது என்று செயலாளர் கேட்டபோது அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. முதலில் திருத்தத்துக்கு வாக்கு, பிறகுதான் தீர்மானத்துக்கு. இதைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள், நான் ஒட்டினேன்.

கேள்வி: எஃப்.எஃப்.ஏ. பிள்ளைகள் வெயிலிலும் போடும் அந்த நீலக் கார்டுராய் (தடித்த வரித்துணி) மேற்சட்டை எதற்கு?

பதில்: 1933 முதல் அதுதான் சீருடை. ஓஹாயோவின் பிரெடரிக்டவுன் கிளையினர் அணிந்து வந்ததைப் பார்த்து நாடு முழுவதற்கும் ஏற்றுக்கொண்டார்கள். வியர்க்கும்தான். ஜிப்பைக் கழுத்துவரை போட வேண்டும் என்பது வேறு.

கேள்வி (ஒரு தந்தை): வெள்ளைக்காரப் பையன்களின் சங்கம் என்கிறார்களே?

பதில்: தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. 1928இல் கன்சாஸ் நகரில் தொடங்கினார்கள். பள்ளிகளில் நிறப்பிரிவினை இருந்த தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்களுக்கு என்.எஃப்.ஏ. என்ற தனி அமைப்பு இருந்தது. 1965இல் இரண்டையும் இணைத்தார்கள். இணைப்பு என்று பெயர். ஆனால் நீலச் சட்டை நின்றது, என்.எஃப்.ஏ.வின் கறுப்பு, பொன்னிறச் சட்டை போயிற்று. பெண்களுக்கு 1969இல்தான் நாடளவில் கதவு திறந்தது. நான் தலைவராக இருந்த ஆண்டில் எங்கள் நிர்வாகிகள் ஆறு பேரில் நால்வர் பெண்கள். ஆனால் உங்கள் ஊர்க் கிளை எப்படி என்பதை ஒரு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கேள்வி: பதவியால் படிப்பு கெடாதா?

பதில்: பள்ளிக் கிளை அளவில் கெடாது. தேசிய நிர்வாகிகள் ஆறு பேர் மட்டும் கல்லூரியை ஓராண்டு நிறுத்திவைத்துவிட்டு நாடு முழுக்கச் சுற்றுவார்கள். அந்தக் கவலையை அப்போது படலாம்.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவன்): மேடை ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நான் தலைவராக முடியுமா?

பதில்: புதியவர்களுக்கென்றே எஃப்.எஃப்.ஏ.வின் உறுதிமொழியை ஒப்பிக்கும் போட்டி இருக்கிறது, தம்பி. 1930இல் ஏற்கப்பட்ட ஐந்து பத்திகள்; ஒவ்வொன்றும் 'நான் நம்புகிறேன்' என்றே தொடங்கும். ஒப்பித்து முடித்ததும் நடுவர்கள் கேள்வியும் கேட்பார்கள். மூன்றாம் பத்தியில் எனக்குச் சொல் மறந்து, ஒரு யுகம்போல நின்றேன். அடுத்த வாரக் கூட்டத்துக்கும் நான்தான் நாற்காலி போட்டேன்.