சாய்த்து வைத்த நினைவுகள்

அன்புள்ள ஐயா,

என் முதல் சிறுகதைத் தொகுப்பை வேர்டில் முடித்துவிட்டேன். தலைப்புகளுக்கு வேர்ட்ஆர்ட், பக்கத்தைச் சுற்றிப் பூ பார்டர், கதைகளின் முதலெழுத்து பெரிதாக, நினைவோட்டப் பகுதிகள் சாய்வெழுத்தில். பதிப்பகத்துக்கு அனுப்ப எந்த எழுத்துரு எடுப்பாக இருக்கும்? ஒரு கதையை இணைத்திருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

எதுவானாலும் யூனிகோட் எழுத்துருவாக இருக்கட்டும். பார்டரும் வேர்ட்ஆர்ட்டும் வேண்டாம், பக்கம் வடிவமைப்பவர் முதல் வேலையாக அவற்றைத்தான் அழிப்பார். பெரிய முதலெழுத்தை ‘கொ’வில் தொடங்கும் கதைக்குப் போட்டுப் பாருங்கள், உங்களுக்கே ஆசை போய்விடும்.

ஆனால் அந்தச் சாய்வெழுத்து! கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி யாரிடமாவது கத்த வேண்டும் என்றிருந்தேன், நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனூடியஸ் என்ற பதிப்பாளர் வெர்ஜிலின் கவிதைகளைச் சாய்வெழுத்தில் அச்சிட்டார். அந்த அச்செழுத்துகளை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. நேரெழுத்தைப் பிடித்துச் சாய்க்கவில்லை அவர், அக்காலக் கையெழுத்தைப் பார்த்துத் தனியாக வெட்டினார். நம் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படியொரு தனி வடிவமே கிடையாது. பொத்தானை அமுக்கியதும் மென்பொருள் நேரெழுத்தையே கணக்குப் போட்டுச் சாய்த்துவிடுகிறது, செங்குத்தாக நிற்க வேண்டிய ப, ட, ம எல்லாம் யாரோ தோளில் இடித்ததுபோல் நிற்கின்றன. இதில் ஐந்து பக்கம் தொடர்ந்து படிக்கச் சொல்கிறீர்கள்.

நான் மெய்ப்பு பார்த்த அச்சகத்தில் அச்செழுத்துகளைக் கோக்கும் கம்பாசிட்டர் ஒருவர் இருந்தார். அழுத்தம் வேண்டும் என்று ஒரு சொல்லுக்கு அடிக்கோடிட்டுக் கொடுத்தால், “இதுக்கு எங்கிட்ட எழுத்து இல்ல சார், வேணும்னா வார்த்தைய மாத்திக் குடுங்க” என்பார். எரிச்சலாக இருக்கும். ஆனால் மாற்றி எழுதும்போது அந்த வாக்கியம் பெரும்பாலும் தேறிவிடும்.

உங்கள் கதையைச் சாய்வை நீக்கிவிட்டுப் படித்தேன். “அப்போது அண்ணனுக்கு மீசை முளைக்கவில்லை” என்று தொடங்குகிறீர்களே, அது நினைவு என்று தெரிய வேறென்ன வேண்டும்? இப்படி எழுதத் தெரிந்தவருக்கு எதற்கு ஐயா இந்த பயம்? வாசகனை அவ்வளவு மக்காகவா நினைக்கிறீர்கள்?

கோப்பை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, முழுவதையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலையும் ஸ்பேஸ்பாரையும் சேர்த்து அமுக்குங்கள். நீங்கள் கையால் போட்ட சாய்வு, தடிமன், நிறம் எல்லாம் உதிர்ந்துவிடும். அப்புறம் எது நினைவு, எது நடப்பு என்று குழம்புகிற இடங்களை மட்டும் திருத்தி எழுதுங்கள். அதிகம் இருக்காது.