மிட்வேயா, குவாடல்கனாலா?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள், பள்ளிப் பேச்சுப் போட்டியில் 'பசிபிக் போரின் திருப்புமுனை' என்ற தலைப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். ஒரு புத்தகம் மிட்வே என்கிறது, இன்னொன்று குவாடல்கனால் என்கிறது. பவளக்கடல் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எதைப் பேசச் சொல்வது?

பதில்: மூன்றும் இரண்டாம் உலகப்போரில், 1942இல், ஜப்பானும் அமெரிக்காவும் பசிபிக்கில் மோதிய இடங்கள்; மிட்வேயும் குவாடல்கனாலும் தீவுகள். மூன்றுக்கும் நியாயம் உண்டு. ஆனால் ஐந்து நிமிடத்தில் மூன்றையும் திணித்தால் அது தேதிப் பட்டியலாகிவிடும். குவாடல்கனாலைப் பேசட்டும், அதற்கு வாசற்படியாக மிட்வே ஒன்றரை நிமிடம் போதும்.

மிட்வேயில் பிள்ளைகளுக்குப் பிடிப்பது தண்ணீர்க் கதை. ஜப்பானியரின் சங்கேதச் செய்திகளில் 'ஏ.எஃப்' என்று ஓர் இடம் அடிக்கடி வந்தது. அது மிட்வேதானா என்று அமெரிக்கர்களுக்கு உறுதிப்படவில்லை. 'மிட்வேயில் குடிநீர் இயந்திரம் பழுது' என்று வேண்டுமென்றே வெளிப்படையாக ஒரு செய்தி அனுப்பினார்கள். சீக்கிரமே ஜப்பானியச் செய்தி ஒன்று, 'ஏ.எஃப்'பில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்றது. பிறகென்ன, 1942 ஜூன் 4 காலை பத்தரை மணிக்குச் சற்று முன், காத்திருந்த அமெரிக்கர்களின் விமானத் தாக்குதலில், சில நிமிடங்களுக்குள் அகாகி, காகா, சோர்யு ஆகிய மூன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களும் தீப்பற்றின. மாலையில் ஹிர்யு. இவற்றில் காகா தவிர மற்ற மூன்றும், இரண்டே மாதம் முன்னால் கொழும்பையும் திருகோணமலையையும் குண்டு வீசித் தாக்கிய அணியில் வந்தவை. இதைச் சொன்னால் 'எங்கேயோ நடந்த சண்டை' என்று யாரும் கொட்டாவி விடமாட்டார்கள்.

ஒரு பிழையை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். ஜப்பானின் தேர்ந்த விமானிகள் எல்லோரும் மிட்வேயிலேயே அழிந்தார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். அது உண்மையல்ல. அங்கே இறந்த விமானக் குழுவினர் ஏறத்தாழ 110 பேர். பெரும்பாலோர் உயிர் தப்பினார்கள். ஷோகாகு, சுயிகாகு என்ற இரண்டு பெரிய விமானந்தாங்கிக் கப்பல்களும் மிச்சம் இருந்தன. (பவளக்கடல் சண்டையில் ஒன்று சேதமாகி, மற்றொன்று விமானங்களை இழந்ததால்தான் இரண்டுமே மிட்வேக்கு வரவில்லை. பவளக்கடலுக்கு இந்த ஒரு வரி போதும்.) தோற்று ஒடுங்கிய நாடாக இருந்திருந்தால், அடுத்த மாதமே தெற்கே குவாடல்கனாலில் புதிதாக விமானத் தளம் அமைக்கக் கிளம்பியிருக்குமா?

அந்தத் தளம் முடியும் தறுவாயில், ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கர்கள் கரையிறங்கினார்கள். ஜப்பானியர் விட்டுச்சென்ற உருளை இயந்திரங்களாலேயே ஓடுபாதையை முடித்தார்கள், அவர்கள் அரிசியையே சமைத்துத் தின்றார்கள். ஆகஸ்ட் 20 அன்று முதல் போர் விமானங்கள் வந்திறங்கின. அதற்குப் பிறகு பகலில் அந்தக் கடல் அமெரிக்கர்களுடையது, இரவில் ஜப்பானியருடையது. இரவுச் சண்டையில் ஜப்பானியர் கெட்டிக்காரர்கள். அமெரிக்கர்கள் கரையிறங்கிய இரண்டாம் நாள் இரவே, பக்கத்துச் சாவோ தீவருகில் எதிரியின் நான்கு கனரகக் குரூசர் போர்க்கப்பல்களை மூழ்கடித்தார்கள். ஆனால் தீவில் இருந்த தங்கள் வீரர்களுக்கு உணவு கொண்டுவர வேண்டுமே. ஓர் இரவுக்குள் வந்து திரும்பும் வேகம் நாசகாரி (டெஸ்ட்ராயர்) என்ற சிறிய போர்க்கப்பல்களுக்குத்தான் உண்டு, அவற்றில் மூட்டை முடிச்சுக்கு இடமில்லை. நவம்பரில் துணிந்து 11 சரக்குக் கப்பல்களை அனுப்பினார்கள். தீவை எட்டியவை நான்கு. அவற்றையும் கரையில் முட்டவிட்டுத்தான் நிறுத்த முடிந்தது.

உங்கள் மகள் பேச்சைத் தொடங்க வேண்டிய இடம் இதற்குப் பின்னால் வருகிறது. எண்ணெய் பீப்பாய்களைக் கழுவி, மிதப்பதற்காகக் கொஞ்சம் காலியிடம் விட்டு அரிசியை நிரப்பி, ஒன்றோடொன்று கயிற்றால் கட்டி, நாசகாரிகளிலிருந்து இருட்டில் கடலில் தள்ளினார்கள். கரையில் இருப்பவர்கள் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுக்கத் தெம்பு வேண்டுமே! டிசம்பர் 3 இரவு தள்ளிய 1,500 பீப்பாய்களில் கரை சேர்ந்தவை 310. விடிந்தபின் மிதந்தவற்றை விமானங்கள் சுட்டு மூழ்கடித்தன. ஜப்பானியர் தீவின் பெயரைச் சுருக்கி 'கா-தோ' என்பார்கள். அதே ஒலியை வேறு எழுத்தால் எழுதினால் 'பட்டினித் தீவு' என்று பொருள். வீரர்கள் அப்படித்தான் எழுதினார்கள். 1943 பிப்ரவரியில் 10,000 பேருக்கும் மேல் இரவோடு இரவாக மீட்கப்பட்டார்கள். செத்தவர்கள் ஏறத்தாழ அதைப் போல் இருமடங்கு. சண்டையைவிடப் பசியும் நோயும் கொன்றவர்களே அதிகம்.

'அப்படியானால் ஏன் எல்லோரும் மிட்வே என்கிறார்கள்?' என்று நடுவர் கேட்கக்கூடும். மிட்வேயில் ஜப்பான் கப்பல்களை இழந்தது, முன்னேறும் எண்ணத்தை இழக்கவில்லை. குவாடல்கனாலுக்குப் பிறகு அடுத்த சண்டை எந்தத் தீவில் என்று தீர்மானித்தவர்கள் அமெரிக்கர்கள் என்று பதில் சொல்லட்டும். சுவரில் மாட்ட ஒரு வரைபடம் கொண்டுபோகட்டும். ஜப்பானியரின் பெரிய தளமான ரபவுலிலிருந்து குவாடல்கனால் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் என்பதை விரலால் தொட்டுக் காட்டினால் போதும். 1944 ஜூலையில் சைப்பான் தீவு அமெரிக்கர்களிடம் வீழ்ந்து ஜப்பானியப் பிரதமர் டோஜோ பதவி விலகியதை, யாராவது கேட்டால் மட்டும் சொல்லலாம்.