பிடிஎஃப் குழுவில் 11 பேர்: காமிக்ஸ் தொடர் நின்றதற்கு நாங்கள்தான் காரணமா?

கேள்வி: குமரி மாவட்டம் கருங்கல் பக்கம் வசிக்கிறேன். சிறு வயதிலிருந்தே காமிக்ஸ் பைத்தியம். எங்கள் வாட்சப் குழுவில் 11 பேர் இருக்கிறோம். புதுப் புத்தகம் வந்தால் ஒருவர் வாங்கி ஸ்கேன் செய்து குழுவில் போடுவார், மற்றவர்கள் படிப்போம். பழைய, இப்போது கிடைக்காத புத்தகங்களையும் டெலிகிராமில் இறக்கிக்கொள்வோம். நாங்கள் விரும்பிப் படித்த ஒரு மொழிபெயர்ப்புத் தொடர் மூன்றாம் பாகத்தோடு நின்றுவிட்டது. விற்பனை போதவில்லை என்று அறிவித்திருந்தார்கள். இதில் எங்கள் பங்கு எவ்வளவு? இனி என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் 11 பேரால் மட்டும் அது நின்றிருக்காது. அதற்காக உங்களுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நாகர்கோவிலில் பல வருடம் பத்திரிகை ஏஜென்ஸி நடத்திவிட்டு, அப்புறம் ஓர் அச்சகத்தில் கணக்குப் பார்த்தவன் நான். இரண்டு பக்கமும் தெரியும்.

முதலில் உங்கள் குற்ற உணர்ச்சியைக் கொஞ்சம் குறைக்கிறேன். இந்திரஜால் காமிக்ஸ் 1990இல் நின்றது. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. டெலிகிராம் வந்ததே 2013இல்தான். பிடிஎஃப் இல்லாத காலத்திலும் காமிக்ஸ் நின்றிருக்கிறது. நான் பார்த்த வரையில் முதல் அடி கடைகளில் விழுந்தது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் கயிறு கட்டிப் புத்தகம் தொங்கவிட்ட இடத்தில் ரீசார்ஜ் கூப்பன் வந்தது. “நாலு தொங்கவிட்டா ஒண்ணுதான் போவுது, மிச்சத்த நீரே எடுத்திட்டுப் போவும்” என்று ஒரு கடைக்காரர் கட்டோடு திருப்பித் தந்தது இன்னும் நினைவிருக்கிறது.  

கடைகள் போன பிறகு தமிழ் காமிக்ஸ் பெரும்பாலும் சந்தா, புத்தகக் கண்காட்சி, ஆன்லைன் விற்பனை என்று சுருங்கிவிட்டது. அச்சிடும் பிரதிகளும் அதற்கேற்பக் குறைந்தன. பிடிஎஃப் கடிப்பது இங்கேதான். லட்சம் விற்கும் பத்திரிகையில் 150 பேர் ஓசியில் படித்தால் அது கொசுக்கடி. இரண்டாயிரத்துக்குள் அச்சாகும் புத்தகத்தில் கதை வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் என் கற்பனை, முறை மட்டும் உண்மை. புத்தக விலை 250 ரூபாய். விற்பனையாளர் கழிவு 30 சதவீதம் போனால் பதிப்பகத்துக்கு வருவது 175. ஒரு பிரதிக்குக் காகிதம், அச்சு, பைண்டிங் 75. வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கும் ராயல்டி (உரிமைத்தொகை) முன்பணம், மொழிபெயர்ப்பு, பக்கங்களில் எழுத்து அமைப்பது, அச்சுத் தகடு எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம். இந்த ஒன்றரை லட்சம் ஒரு பிரதி அச்சடித்தாலும் 1600 அச்சடித்தாலும் மாறாது. 1600 அச்சடித்து எல்லாம் விற்றால் 10,000 ரூபாய் மிச்சம். 150 மட்டும் விற்காமல் கிடந்தால் 16,250 ரூபாய் நட்டம், கூடவே குடோனில் கரையான். மூன்றாம் பாகத்தில் இப்படி ஆனால் நான்காம் பாகத்துக்கு யார் முன்பணம் கட்டுவார்?

அந்த 150 பேரும் பிடிஎஃப் இல்லாவிட்டால் வாங்கியிருப்பார்களா? நிச்சயமாக இல்லை. இலவசமாகக் கிடைப்பதால் மட்டும் படிப்பவர்கள் எப்போதும் உண்டு. பத்தாயிரம் டவுன்லோட் என்றால் பத்தாயிரம் விற்பனை போச்சு என்று சிலர் போடும் கணக்கை நான் நம்புவதில்லை. ஆனால் உங்கள் குழு அந்த வகை இல்லை. பிடிஎஃப் இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கியிருக்கக்கூடிய வாசகர்கள் நீங்கள். பதிப்பகம் இழந்தது உங்களைப் போன்றவர்களைத்தான்.

ஜப்பானில் கெயோ பல்கலைக்கழகத்தின் தட்சுவோ தனாகா 2016இல் மாங்கா எனப்படும் ஜப்பானிய காமிக்ஸின் விற்பனையை ஆராய்ந்தார். திருட்டுப் பிரதிகள், வெளிவந்துகொண்டிருக்கும் தொடர்களின் விற்பனையைக் குறைத்தன. முடிந்துபோன தொடர்களின் விற்பனையையோ கூட்டின. பழசை மறந்தவர்களுக்கு அது ஞாபகப்படுத்திவிடுகிறது போலும். அமெரிக்காவிலும் 2010இல் ஸ்டீவ் லீபர் என்ற காமிக்ஸ் ஓவியரின் புத்தகத்தை முழுவதுமாக ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டார்கள். அவர் சண்டைக்குப் போகவில்லை, அந்த இணையதளத்துக்கே போய் வாசகர்களோடு பேசினார். அச்சுப் புத்தகத்தின் விற்பனை சட்டென ஏறியது. கவனியுங்கள், அதுவும் முழுக் கதையாக முடிந்த புத்தகம்.

அப்படியானால் ஓடிக்கொண்டிருக்கும் தொடருக்கு மட்டும் ஏன் இந்த அடி? முடிவெடுக்கும் நேரம்தான் காரணம். அமெரிக்க மாத இதழ்களில் இது பச்சையாகத் தெரியும். அங்கே காமிக்ஸ் கடைக்காரர் இரண்டு மூன்று மாதம் முன்பே பட்டியலைப் பார்த்து ஆர்டர் கொடுக்கிறார். விற்காததைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால் பயந்து பயந்துதான் ஆர்டர் போடுவார். முதல் இதழை வாங்கியவர் இரண்டாவதை ஸ்கேனில் படித்துவிட்டு, முடிந்ததும் தொகுப்பாக வாங்கலாம் என்று இருந்தால் ஐந்தாம் இதழுக்கான ஆர்டர் அப்போதே குறைந்துவிடும். தொகுப்பு வருவதற்குள் தொடரே இருக்காது. நம் ஊரில் இந்த வேலையைச் சந்தா எண்ணிக்கை செய்கிறது. அச்சுக்குப் போவதற்கு முன்னால் யார் பணம் கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் பிரதிகளைத் தீர்மானிக்கிறது. “முதலில் பார்க்கிறேன், பிடித்தால் கண்காட்சியில் வாங்குகிறேன்” என்பவரின் காசு வந்து சேரும்போது முடிவு எடுத்தாகிவிட்டது.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். புத்தகம் கடையில் கிடைக்கவில்லை என்பதால் பதிப்புரிமை போய்விடாது. இந்தியாவில் படைப்பாளி இறந்து 60 ஆண்டு வரை அது நீடிக்கும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவின்படி, தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். சொந்த உபயோகத்துக்கு 52ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் குழுவில் போடுவதை அதற்குள் நுழைக்க முடியாது. ஸ்கேன் செய்கிற நண்பரிடம் இதைச் சொல்லுங்கள், சிக்கினால் முதலில் சிக்குவது அவர்தான். காசு கொடுத்து வாங்கிய அச்சுப் புத்தகத்தைக் கைமாற்றிப் படிப்பதற்கோ, பழைய புத்தகமாக விற்பதற்கோ எந்தத் தடையும் இல்லை.

உங்களுக்கான வழியும் அதுதான். புதுப் புத்தகத்தின் ஸ்கேனை மட்டும் உடனே நிறுத்துங்கள். 11 பேரும் சேர்ந்து மூன்று பிரதிகளுக்குச் சந்தா கட்டுங்கள். 250 ரூபாய்ப் புத்தகம் மூன்று என்றால் ஆளுக்கு 68 ரூபாய் சொச்சம். ஒரே முகவரிக்கு வரவழைத்தால் கூரியர் செலவும் மிச்சம். கருங்கலில் ஒன்று, மார்த்தாண்டத்தில் ஒன்று, தக்கலையில் ஒன்று என்று சுற்றில் விட்டால் இரண்டு வாரத்தில் எல்லோரும் படித்துவிடலாம். பதிப்பகத்தின் ஏட்டில் ஒன்றாக இருப்பது மூன்றாகும்.

கிடைக்காத பழைய புத்தகங்களின் ஸ்கேனும் சட்டப்படி தப்புதான். ஆனால் விற்பனைக்கே இல்லாத ஒன்றால் விற்பனை குறையாது என்பதால் அதைப் புதுசோடு ஒரே தட்டில் நான் வைக்க மாட்டேன். மறுபதிப்பு அறிவிப்பு வந்தால் மட்டும் அந்தக் கோப்பை அழித்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

நின்றுபோன உங்கள் தொடர் விஷயம்: “மறுபடி போடுங்கள்” என்று கெஞ்சுவதால் பயனில்லை. நான்காம் பாகத்துக்கு முன்பதிவு திறந்தால் இத்தனை பிரதிக்கு முழுப் பணத்தையும் முன்னதாகவே அனுப்புகிறோம் என்று 11 பெயரும் முகவரியும் போட்டு எழுதுங்கள். நாகர்கோவில், திருவனந்தபுரம் வாசகர்களையும் சேர்த்து, ஆளுக்கு ஒரு பிரதி என்று 40 பெயர் தேறினால் இன்னும் நல்லது. என் கற்பனைக் கணக்கில் கிடப்பில் போன 150இல் கால் பங்குக்கு மேல் அதிலேயே வந்துவிடும்.