அதட்டல் எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள அம்மா,

என் மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம். கூட்டத்தில் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து கத்துவான். உடனே என் அப்பாவின் அதட்டல் அப்படியே என் வாயில் வருகிறது. அடிவாங்கி வளர்ந்தவன் நான். கண்டிப்பில் வளர்ந்த என் மனைவியோ அவன் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுகிறாள். எங்கள் குணம்தான் அவனை இப்படி ஆக்கியதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லை. தாயின் பாசக்குறைவால் ஆட்டிசம் வருகிறதென்று 1950, 60களில் சொல்லி எத்தனையோ தாய்மார்களை வதைத்தார்கள். பெருந்தவறு அது. 1977-இல் வந்த இரட்டையர் ஆய்வு தொடங்கி, மரபணுக்களின் பங்குதான் பெரிது என்று தெரிந்துவந்திருக்கிறது.

உங்கள் பால்யம் குறுக்கிடுவது வேறு இடத்தில். அழுதால் அடி விழும் என்று பழகிய உடம்புக்கு அழுகுரலே ஆபத்துதான். நெஞ்சு படபடக்கும், தாடை இறுகும், யோசிக்கும் முன்பே அதட்டிவிடுவீர்கள். சத்தம் தாங்காமல் துவண்ட பிள்ளைக்கு அது இன்னொரு சத்தம். அடம் என்றால் கேட்டது கிடைத்ததும் பெரும்பாலும் அடங்கும். இந்தக் கத்தல் எதைக் கொடுத்தாலும் அடங்காது.

அப்போது பேச்சைக் குறையுங்கள். "அப்பா இருக்கேன்" போதும். ஒரு கை தூரத்தில், தரையோடு உட்காருங்கள். என்னைப் பார் என்று சொல்லாதீர்கள். அவனுக்கு அடிபடும் என்றாலொழிய இறுக்கிப் பிடிக்காதீர்கள். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். கத்தல் நின்றதும் புத்தி சொல்லவும் வேண்டாம். உடம்பு முழுக்க அடங்க அரைமணிக்கு மேலும் ஆகலாம், அதற்குள் கேள்வி கேட்டால் மறுபடி தொடங்கிவிடும்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். கத்தலுக்கு முன் என்ன நடந்தது, உங்கள் உடம்பு என்ன செய்தது, மனதில் ஓடிய வாக்கியம் எது. முதலாவதில் பசி, காத்திருப்பு, இரைச்சல் என்று தடுக்கக்கூடிய காரணங்கள் அகப்படும். மூன்றாவதில் "நாலு பேர் என்ன நினைப்பாங்க" போன்றவை வரும். அது உங்கள் மகனைப் பற்றிய வாக்கியமே அல்ல.

உங்கள் மனைவி செல்லம் கொடுத்துக் கெடுப்பதாக நினைக்காதீர்கள். தான் பட்டதைப் பிள்ளை படக்கூடாது என்கிறார். ஆனால் நாளுக்கொன்றாக மாறும் விதி இவனைப் பதற்றப்படுத்தும். மாறாத இரண்டு மூன்று விதிகளை இருவரும் பேசிவைத்து, படமாக வரைந்து ஒட்டுங்கள்.

இன்னொன்று. சட்டை லேபிள் உறுத்துகிறது, சத்தம் பிடிக்கவில்லை என்று சொல்லி நீங்களும் சிறுவயதில் அடிவாங்கியதுண்டா? பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபிறகே தங்களுக்கும் அது இருப்பதை அறியும் பெற்றோர் பலர். அப்படி அடிவாங்கியதுண்டு என்றால் நீங்களும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குப் போகும்போது காதை மூடும் ஹெட்போன் உங்களுக்கும் ஒன்று தேவைப்படலாம்.

அன்புடன்